பொக்காராவில் ஐம்பத்திரண்டு இரவுகள்: மாத வாடகை விடுதி ஒன்றின் மதிப்பீடு

விடுதிகளைப் பற்றி வரும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை இரண்டு அல்லது மூன்று இரவுகள் தங்கியவர்கள் எழுதுபவை. படுக்கை விரிப்பின் வெண்மை, காலைச் சிற்றுண்டியின் வகைகள், சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி என்பவையே அவர்களுடைய அளவுகோல்கள். மாதக்கணக்கில் ஊர் ஊராகத் தங்கித் தனியே பயணம் செய்பவருக்கு இவை மூன்றும் முதல் வாரத்திலேயே கண்ணில் படாமல் போய்விடும். துணி காயப் போடும் கொடி, மேசையின் உயரம், இரவு எட்டு மணிக்கு இணையம் ஓடும் வேகம், சமையலறையில் தன் உப்பு டப்பாவுக்கென்று ஓர் இடம் ஆகியவற்றைக் கொண்டுதான் அவர் பத்தாம் நாளுக்குப் பிறகு ஒரு விடுதியை எடைபோடுவார். நேபாளத்தின் பொக்காரா நகரில் நான் 2025 பிப்ரவரி 12 முதல் ஏப்ரல் 5 வரை தங்கியிருந்த விடுதியை அந்தக் கணக்கில் எழுதிப் பார்க்கிறேன்.

விடுதியின் பெயரை எழுதவில்லை. உரிமையாளரான அம்மையார் அதைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டார். மொத்தம் எட்டே அறைகள் உள்ளன, முன்பதிவுச் செயலிகள் எதிலும் அவர் சேரவில்லை, இணையத்தில் பெயர் வந்தால் நாள் வாடகைக்காரர்கள் தொலைபேசியில் தொல்லை கொடுப்பார்கள் என்பது அவருடைய அச்சம். இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியை எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் அனுமதி தந்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து பொக்காராவுக்குத் தரைவழியாகப் போவது பலர் நினைப்பதைவிட எளிது. திருவனந்தபுரம் வடக்கு (முன்பு கொச்சுவேளி) நிலையத்திலிருந்து சென்னை வழியாக ஓடும் ராப்திசாகர் விரைவு ரயில் கோரக்பூரில் கொண்டுபோய் விடுகிறது. சென்னையில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு நாள் பயணம். கோரக்பூரிலிருந்து பேருந்தில் சோனௌலி, அங்கே எல்லை வாயிலை நடந்தே கடந்தால் நேபாளம். அதன்பின் பால்பா, சியாங்ஜா வழியாகச் செல்லும் சித்தார்த்த நெடுஞ்சாலையில், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுப் பகல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ வேண்டும், ஆதார் அட்டை போதாது. நாணய மாற்று விகிதம் நூறு இந்திய ரூபாய்க்கு நூற்றறுபது நேபாள ரூபாய் என்று 1993 முதல் மாறாமல் நிற்பதால், விலையைக் கேட்டதும் மனக்கணக்குப் போட்டுவிடலாம்.

நீண்ட காலப் பயணிகள் பொக்காராவில் கூடாரமடிப்பதற்குப் பழைய காரணமும் உண்டு, புதிய காரணமும் உண்டு. 1960-களிலும் 70-களிலும் இஸ்தான்புல்லிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா என்று பேருந்து பேருந்தாக மாறி வந்த ஐரோப்பிய இளைஞர்களுக்குக் காத்மாண்டுதான் பாதையின் முடிவு. அங்கே கூட்டம் பெருகியபோது அமைதி தேடியவர்கள் மேற்கே இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பொக்காராவின் ஏரிக்கரைக்கு வந்தார்கள். 1979-இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அந்தத் தரைவழியை மூடிவிட்டன. ஆயினும் சுமார் எண்ணூறு மீட்டர் உயரத்தில், குளிரும் வெயிலும் பொறுக்கக்கூடிய அளவில், வாடகை மலிவாக ஓர் ஏரிக்கரை இருந்தால் ஆட்கள் வராமலா போவார்கள்? இன்று வருபவர்கள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள் என்பது ஒன்றே வேறுபாடு. என் பிழைப்பும் அதுதான். மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு மேசையும் மின்சாரமும் இருந்தால் எந்த ஊரும் ஊர்தான்.

மேசையிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டாம் மாடியில் எனக்குக் கிடைத்த ஐந்தாம் எண் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். சன்னலையொட்டிச் சாலமரப் பலகையில் செய்த கனமான மேசை. கால்களில் ஒன்று குட்டையாக இருந்ததால் அதன் அடியில் பழைய செருப்பின் துண்டு ஒன்றைச் செருகியிருந்தார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் ஐம்பத்திரண்டு நாளும் அது ஆடவில்லை. நான் தங்கிய எத்தனையோ இடங்களில், அறையில் தேநீர்க் கோப்பை வைக்கும் அளவுக்கு ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு அதை 'பணி மேசை' என்று விளம்பரப்படுத்தியிருப்பதைக் கண்டு நொந்திருக்கிறேன். இங்கே நாற்காலிக்கு முதுகு இருந்தது, மின்செருகி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது, சன்னல் கதவில் கொசுவலை கிழியாமல் இருந்தது. போர்த்திக்கொள்ளப் பஞ்சடைத்த கனமான 'சிரக்' கொடுத்தார்கள். பிப்ரவரி இரவுகளில் அதற்குள் நுழைந்துவிட்டால் காலையில் வெளியே வர மனம் வராது. அறையில் வெப்பமூட்டி கிடையாது, தேவையும் படவில்லை.

வெந்நீரைப் பற்றி இவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியாது. மொட்டை மாடியில் உள்ள சூரிய வெப்பக் கலன்தான் எட்டு அறைக்கும் ஒரே வழி. வெயில் அடித்த நாளில் மாலை நான்கு மணிக்குக் குளித்தால் கொதிக்கக் கொதிக்க வரும். காலை ஏழு மணிக்குத் திறந்தால் பனிக்கட்டி உருகியதுபோல் வரும். மார்ச் தொடக்கத்தில் மூடம் போட்டிருந்த நான்கு நாளும் வெந்நீர் என்ற பேச்சே இல்லை. எரிவாயு அடுப்பில் ஒரு வாளி காய்ச்சிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள், அதற்குத் தனிக் காசு. பொக்காரா நேபாளத்திலேயே மிகுதியாக மழை பெறும் நகரங்களுள் ஒன்று. ஆண்டுக்குச் சென்னையில் பெய்வதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் பெய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே தங்க நினைப்பவர்கள் இந்த ஒரு குறைக்காகவே வேறு இடம் பார்ப்பது நல்லது.

அறையின் 'மலைக்காட்சி' பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. என் சன்னலிலிருந்து பார்த்தால் வீட்டுக் கூரைகளுக்கு மேலே, மீன் வாலைப்போல் பிளந்த உச்சியுடன் மச்சபுச்சரே தெரியும். 6,993 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் புனிதமானது என்று ஏறுவதற்கு அனுமதி இல்லை. பிப்ரவரியில் விடியற்காலை ஆறரை மணிக்கு அதன் நுனியில் முதலில் மஞ்சள் ஏறி, பிறகு அது வெள்ளையாக மாறுவதை நாள் தவறாமல் பார்த்தேன். மார்ச் நடுவில், காட்டுத்தீயின் புகையும் வறண்ட காலத்துத் தூசியும் சேர்ந்து பள்ளத்தாக்கை மூடியபின், கடைசி மூன்று வாரத்தில் சிகரம் தெரிந்த நாள்கள் இரண்டே இரண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் ஏரியின் எதிர்க்கரையே மங்கிவிட்டது. தொண்டை கரகரத்துக்கொண்டே இருந்தது. இதில் விடுதியின் பிழை ஒன்றுமில்லை. ஆனால் மலைக்காட்சி அறைக்குக் கூடுதல் வாடகை வாங்கும் ஊரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் போகிறவர்கள் அந்தக் கூடுதலைக் கொடுக்காமல் பேரம் பேசலாம்.

இனிச் சமையலறை. இந்த விடுதியை நான் பிறருக்குச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான். தரைத்தளத்தில் இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, சுவர் நெடுகப் பலகைத் தட்டுகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு தட்டு. எட்டுத் தட்டுகளுக்கும் கீழே ஒன்பதாவதாக ஒரு தட்டு உண்டு. ஊரைவிட்டுப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் பொருள்களுக்கானது. பாதி தீர்ந்த கடுகெண்ணெய், ஹீப்ரு எழுத்து அச்சிட்ட மசாலாப் பொட்டலம், கைப்பிடி தளர்ந்த பிரஷர் குக்கர், யாரோ விட்டுப்போன பூஞ்சணம் பிடிக்காத நல்ல புளி என்று அங்கே கிடைத்தவற்றைக் கொண்டே முதல் வாரம் ரசம் வைத்துவிட்டேன். மிளகும் சீரகமும் மட்டும் கடையில் வாங்கினேன்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில், சணல் கயிற்றில் கட்டிய நோட்டு ஒன்று தொங்கும். அதே கயிற்றில் கடித்துத் துப்பிய பென்சில் ஒன்றும் ஆடும். அறைக்கு ஒரு பக்கம். குழாய் நீரைக் குடிக்க முடியாது என்பதால் இருபது லிட்டர் ஜாடியில் தண்ணீர் வரும். புதிய ஜாடியைத் திறப்பவர் தம் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும். கூடையிலிருந்து முட்டை எடுத்தால் ஒரு வட்டம், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் ஒரு பெருக்கல் குறி. மாத முடிவில் அம்மையார் வாசற்படியில் அமர்ந்து, விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, நேபாள எண்களில் கூட்டிச் சொல்வார். இதை யாரும் சரிபார்ப்பதில்லை என்றுதான் முதல் மாதம் நினைத்திருந்தேன். ஒருநாள் இரவு பசியில் இரண்டு முட்டைகளை எடுத்துவிட்டு மறந்துபோனேன். மறுநாள் நினைவு வந்து நோட்டைத் திறந்தால் என் பக்கத்தில் இரண்டு வட்டங்கள் ஏற்கெனவே இருந்தன, நீல மையில், என்னுடையவற்றைவிட வட்டமாக.

வீட்டுச் சாப்பாடு என்பது தால்பாத். நேபாளத்தில் சோறு உண்ணும் வேளை காலை பத்து மணியும் மாலை ஏழு மணியும். இடையில் தேநீர், அவல், வறுத்த சோளம். இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பழகிய வயிறு இதற்கு இணங்க ஒரு வாரம் ஆயிற்று. அதன்பின் இதுவே முறையான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றிவிட்டது. பத்து மணிக்குச் சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஐந்து மணி வரை வேலை தடைபடாது. முழுக் கறுப்பு உளுந்தில் வைத்த பருப்பு, கடுகுக் கீரை, உருளைக்கிழங்கு, முள்ளங்கி ஊறுகாய், சில நாள் குந்த்ருக். புளிக்க வைத்து உலர்த்திய கீரை அது; முதலில் வாசனை எதிர்த்தது, பிறகு நானே கேட்டு வாங்கினேன். அச்சாரில் திம்மூர் என்ற காட்டு மிளகு வகையை இடித்துப் போடுவார்கள். நாக்கு மரத்துப்போய், அடுத்த கவளத்தில் உப்பு இருக்கிறதா என்றே தெரியாது. சோறும் பருப்பும் எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள். ஒரு வேளைக்கு 300 நேபாள ரூபாய், அதாவது நம் பணத்தில் 187 ரூபாய் சொச்சம். ஏரிக்கரைப் பெருந்தெருவில் இதே சாப்பாட்டுக்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். எருமைத் தயிர் பக்கத்துக் கடையில் கிடைக்கும், கத்தியால் வெட்டி எடுக்கலாம்போல் இருக்கும்.

அம்மையாரை எல்லோரும் 'தீதீ', அக்கா என்று அழைத்தோம். அவருடைய கணவர் இந்திய ராணுவத்தின் கூர்க்கா படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். என் ஊரைக் கேட்டதும் "மதராஸ்" என்று தலையாட்டிக்கொண்டார், பிறகு இரண்டு நாள் பேசவில்லை. பேச்சு அவர் இயல்பில் குறைவு. நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று அழைக்க வேண்டும். மீசை வைத்த ஒரு முன்னாள் சிப்பாயைத் 'தாய்' என்று கூப்பிட எனக்கு மூன்று நாள் கூச்சமாக இருந்தது.

தங்கியிருந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விடுதியைச் சொல்லி முடிக்க முடியாது. நீண்ட பயணத்தில் இருப்பவர்கள் ஊர் சுற்றிப் பார்ப்பதில் மும்முரமாக இருப்பார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவதுண்டு. மூன்றாம் எண் அறையில் இருந்த ஐரோப்பிய இணையர் பதினான்கு மாதங்களாக மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தவர்கள். பொக்காராவில் அவர்கள் முதல் ஒன்பது நாளும் செய்த வேலை, பின்சக்கரத்துக்கான உதிரிப் பாகம் ஒன்று காத்மாண்டுவிலிருந்து வருவதற்குக் காத்திருந்ததும், கூடாரத்தின் கிழிசலைத் தைத்ததும், துணி துவைத்ததும்தான். மலைக்காட்சிக்குப் பெயர்போன சாரங்கோட் குன்றுக்கு அவர்கள் போகவே இல்லை. ஏழாம் எண்ணில் ஓய்வு பெற்ற வங்காள அஞ்சல்துறை ஊழியர் ஒருவர். ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறாராம். காலையில் ஏரியோரம் நடை, பத்து மணிக்குச் சோறு, பிறகு படிக்கட்டில் அமர்ந்து வருவோர் போவோருக்கெல்லாம் தபால்தலை விலை முதல் ரயில் நேரம் வரை யோசனை. எட்டாம் எண்ணில் இருந்த கேரளத்து இளைஞர் பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் தொலைநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுதினார். அவரை நான் முழு வெளிச்சத்தில் பார்த்தது இரண்டு முறையோ மூன்று முறையோ.

வெளிநாட்டவர்களின் பேச்சில் நாள்தோறும் வரும் எண் ஒன்று உண்டு: நூற்றைம்பது. நேபாளச் சுற்றுலா விசா எல்லையில் 15, 30, 90 நாள்களுக்குக் கிடைக்கிறது. அதன்பின் குடிவரவு அலுவலகத்தில் நாளுக்கு மூன்று டாலர் வீதம், குறைந்தது பதினைந்து நாளுக்காகக் கட்டி நீட்டிக்கலாம். ஆனால் ஓர் ஆங்கில ஆண்டில் மொத்தம் 150 நாளைத் தாண்டக் கூடாது. சனவரியில் கணக்கு புதிதாகத் தொடங்குவதால், ஆகஸ்டில் நுழைந்து அடுத்த ஆண்டு மே வரை தொடர்ந்து இருக்கும் வித்தையை அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இதில் வேடிக்கை, சமையலறையில் மாட்டியிருந்தது நேபாளத்தில் வழங்கும் விக்ரம் நாட்காட்டி. பெரிய எழுத்தில் பால்குன், சைத்ர மாதங்களின் தேதி. ஆங்கிலத் தேதி கட்டத்தின் மூலையில் எறும்புபோல் இருக்கும். மிதிவண்டிப் பெண்மணி மூக்குக் கண்ணாடியை உயர்த்தி வைத்துக்கொண்டு அந்த எறும்புகளைத்தான் பென்சிலால் எண்ணிக்கொண்டிருப்பார். எனக்கு அந்த நாட்காட்டி அந்நியமாகப் படவில்லை. அவர்களுடைய மாதங்களும் நம்முடையவைபோல் சூரியனைக் கொண்டு கணிக்கப்படுபவை. பால்குன் நம் மாசி, சைத்ர நம் பங்குனி, ஒரு நாள் முன்பின்னாக. அவர்களுடைய புத்தாண்டும் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது. வீட்டை விட்டு வந்து எட்டு மாதம் ஆகியிருந்த எனக்கு, பங்குனி பிறந்துவிட்டது என்று ஒரு நேபாளச் சமையலறைச் சுவர் சொன்னது சற்று நேரம் அடுப்பை மறக்கச் செய்தது.

குறைகளுக்கு வருகிறேன். இணையம் பகலில் நன்றாக இருக்கும், இரவு எட்டு முதல் பத்து வரை இரண்டாம் மாடியில் திணறும். கோப்பு அனுப்ப வேண்டிய நாளில் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்து அனுப்பினேன். துணிக் கொடி ஒன்றுதான். எட்டு அறைக்குப் போதவில்லை, காய்ந்த துணியை எடுக்காமல் விட்டால் யாராவது சுருட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். தெருநாய்கள் இரவு இரண்டு மணிக்குத் தவறாமல் ஒரு கூட்டம் கூட்டும். இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாமல்போனது ஒன்று. மார்ச் மூன்றாம் வாரம் மலையேற்றக் குழு ஒன்று நாள் வாடகைக்கு வந்தபோது, ஐந்து நாளைக்கு மட்டும் கீழ்த்தள அறைக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று தீதீ கேட்டார். கேட்ட விதம் பணிவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் குழுவினரின் பைகள் என் அறை வாசலில் இறங்கியிருந்தன. கீழ்த்தள அறையின் சுவரில் ஈரம் ஊறி, பெட்டியிலிருந்த காகிதமெல்லாம் நமத்துப்போயிற்று, மேசையும் இல்லை. ஐந்து நாளும் படுக்கையில் கால் மடித்து அமர்ந்து மெய்ப்புப் பார்த்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. மாத வாடகைக்காரர் குறைந்த வாடகை கொடுக்கிறார், அதனால் முதலில் நகர்த்தப்பட வேண்டியவர் அவரே என்ற எண்ணம் இப்படிப்பட்ட விடுதிகள் பலவற்றில் உண்டு. ஓராண்டில் ஆள் இல்லாத மாதங்களிலும் அறையை நிரப்பி வைப்பவர் அவர்தான் என்பது வாடகை விகிதத்தில் மட்டும் தெரிந்தால் போதாது. அந்த ஐந்து நாளுக்குப் பாதி வாடகையைத் தள்ளினார்கள். எனக்கு வேண்டியிருந்தது முன்கூட்டி ஒரு சொல். மலைக்காட்சிக்காக என் அறையைப் பிடித்த குழுவினருக்கு அந்த ஐந்து நாளும் புகைமூட்டத்தில் ஒரு மலையும் தெரியவில்லை என்பதில் நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வாடகை மாதத்துக்கு 21,000 நேபாள ரூபாய். தனித்தனி நாளாகத் தங்கினால் 1,200. முதல் மாதத்துக்குப் பின் வந்த இருபத்திரண்டு நாளுக்கும் நாளொன்றுக்கு 700 என்றே கணக்கிட்டார்கள். தள்ளுபடி போக மொத்தம் 34,650, அதாவது நம் பணத்தில் ஏறக்குறைய 21,650 ரூபாய். முன்பணம் கேட்கவில்லை. இந்தியாவின் யுபிஐ செயலிகளைக் கொண்டு நேபாளக் கடைகள் பலவற்றில் 2024 முதல் பணம் செலுத்த முடிகிறது. இங்கே ரொக்கம் மட்டும்தான். மதிப்பெண் என்று கேட்டால், ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அறை மாற்றம் நடந்திராவிட்டால் நான்கரை கொடுத்திருப்பேன். ஒரு வாரத்துக்குக் குறைவாகத் தங்குபவர்களுக்கு இங்கே எந்தச் சிறப்பும் இல்லை. அவர்களுக்கு ஏரிக்கரைப் பெருந்தெருவில் வெந்நீரும் மின்தூக்கியும் உள்ள விடுதிகள் ஏராளம்.

போக நினைப்பவர்கள் ஏரிக்கரையில் உள்ள ஹல்லான் சௌக் என்ற சந்திப்பிலிருந்து ஏரியை இடப்புறம் வைத்துக்கொண்டு வடக்கே நடக்க வேண்டும். உணவகங்களின் வண்ண விளக்குகள் தீர்ந்து, படகுகளைக் கவிழ்த்து வைத்திருக்கும் புல்வெளியும் தாண்டியபின், வலப்புறம் ஏறும் சந்தில் சூரியக் கலன் வைத்த மூன்றாவது வீடு. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்துத் தெரியாது. ஐந்தாம் எண் அறையைக் கேளுங்கள். முழுக் காலமும் அதே அறைதான் என்று முதல் நாளே பேசி, நோட்டில் உங்கள் பக்கத்தின் தலைப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள், அது சோற்று வேளை.